ஏபெல் நட்ட வேலி

இங்கிலாந்தில் ஓர் ஊர். ஊருக்கே பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பிரபு தனதாக்கிக்கொண்டார். சுற்றிலும் முள்செடி நட, அங்கே தன் பசுவை மேய்த்துவந்த ஏபெலைக் கூலிக்கு வைத்தார். ஏபெலின் பசு அந்தச் செடிகளில் வாய் வைக்கப் போனது.

"தொடாதே! அதுதான் நம்ம கஞ்சி" என்று அடித்து விரட்டினான் ஏபெல்.

செடிகள் ஆளுயர வேலியாயின. பசு எலும்பும் தோலுமாக வெளியே நின்றது.

"கொஞ்சம் வழிவிடேன். உள்ளே நான் மேய்ஞ்ச புல் இருக்கு."

"எனக்கு நகரத் தெரியாதே, அக்கா" என்றது வேலி. "சின்னதா இருந்தப்பவே என்னைத் தின்னிருக்கலாமே?"

"ஏபெல் விடலையே."

"இப்ப அவன் எங்கே?"

"கயிறு எடுக்கப் போயிருக்கான். இன்னைக்குச் சந்தையில என்னை விக்கணுமாம். மேய இடமில்லாத மாட்டை வெச்சுக்கிட்டு, பாவம், அவன்தான் என்ன செய்வான்?"