தந்தி அறுந்த இடம்

வானொலி நிகழ்ச்சிக்காக, இறந்துபோன நாட்டுப்புறப் பாடகரின் பாட்டை ரசிகர்கள் ஸ்டூடியோவில் பாடுகிறார்கள். பழைய கேசட்டில் அவருடைய தம்பூராவின் தந்தி அறுந்து பாட்டு நின்ற இடம் வந்ததும், சாவி தீர்ந்த பொம்மைகள்போல அத்தனை பேரும் நிற்கிறார்கள். டியூப் லைட் மட்டும் ரீங்கரிக்கிறது. பிறகு, அந்தக் கேசட்டில் பதிந்துபோன குழந்தையின் அதே சிணுங்கலில், நரைத்த தலைகள் ஒன்றாகச் சொல்கின்றன: “அப்பா, வீட்டுக்குப் போலாம்பா.” மூலையில் உட்கார்ந்திருக்கும் பாடகரின் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். ஆறு வயதில் அவள் கெஞ்சிய குரல் அது. “பொண்ணு கெஞ்சியும் மனுஷன் அசையல பாருங்க, அதான் எங்க தலைவர்” என்று பூரிக்கிறார் ரசிகர்களில் ஒரு தையல்காரர். நிகழ்ச்சி தயாரிக்கும் பெண் மைக்கை மெல்ல மகள் பக்கம் திருப்புகிறாள். “அந்தக் குழந்தை நீங்கதானேக்கா?” மகள் வாயைத் திறக்கிறாள். அதற்குள், அன்று அவளுடைய அப்பா செய்ததைப் போலவே, ரசிகர்கள் அடுத்த அடியை உரக்கப் பாடத் தொடங்குகிறார்கள்.