நல்ல தண்ணி மீன்

செத்த மீன்கள் மிதந்த போத்தலை மேசையில் அடித்து வைத்தார் தம்பிராசா.

“நீரெல்லாம் ஒரு வியாபாரியோ? கடல்மீன் தொட்டி எண்டால் நாலு மடங்கு செலவு, உப்புக்கே மாசம் ஏழாயிரம் முடியும், நல்ல தண்ணி மீன்தான் மலிவு எண்டு நீர்தானே சொன்னனீர்! இது மூண்டாந்தரம் சாகுது. வருத்தக்கார மீனை வித்துச் சனத்தை ஏமாத்த வெக்கமில்லையோ?”

வண்ணமீன் கடை நடத்தும் றொசாந்திக்கும் கோபம் ஏறியது.

“என்ரை மீனிலை ஒரு குறையுமில்லை, அண்ணை. என்ன தண்ணி விட்டனீங்கள்? கிணத்துத் தண்ணியோ?”

“எங்கடை கிணறு எப்பவோ உவராய்ப் போச்சு. பவுசர் வண்டியிலை வாற குடிதண்ணிதான் விட்டனான். சுத்தமான தண்ணி!”

கடல்மீன் தொட்டிக்கு உப்பளக்கும் கருவியை எடுத்துப் போத்தலுக்குள் விட்டாள் றொசாந்தி. முள் விறுவிறுவென்று ஏறியது.

“உது நல்ல தண்ணியோ? உதிலை நீங்கள் கடல்மீன்தான் வளர்க்கோணும். உப்பு வாங்கிற செலவும் மிச்சம்! உதைக் குடிதண்ணி எண்டு வித்தவன் ஆர்? வெக்கமில்லையோ எண்டு அவனைப் போய்க் கேளுங்கோ!”

போத்தலின் மூடியை இறுக்கினார் தம்பிராசா. போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தெருவோரம் நின்ற தன் பவுசரில் ஏறினார்.

அதன் பக்கவாட்டில் நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: ‘தம்பிராசா சுத்தமான குடிநீர்’.

றொசாந்தி வாசலுக்கு ஓடினாள்.

“நில்லும் காணும்! எங்கடை ஒழுங்கைக்கும் உந்தப் பவுசர்தானே வாறது? ஒரு கிழமையாய் என்ரை தேத்தண்ணி உப்புக் கரிக்குது!”