படகுத்துறைக்கு வந்தவர்

“தொறைய வெள்ளம்தான் சார் கொண்டு போயிருச்சு. ஒரு பலகைகூட மிச்சமில்ல,” என்றார் அழகமுத்து. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரம் தெரிந்த தூண் கட்டைகளை மறு கையால் காட்டினார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதுரன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவருக்குப் பின்னால், தோளில் கருவிப் பையுடன் தச்சர் றினோஸ்.

“ஒரு தூணும் முழுசா நிக்கேல்லையோ?” மதுரனின் முகம் வாடிப்போனது.

“இல்லீங்க சார்,” என்றார் அழகமுத்து அவசரமாக.

நீர்த்தேக்கத்தின் இந்தக் கரையில் ஐம்பத்து மூன்று தோட்டக் குடும்பங்கள். கார்த்திகைப் புயலில் மலைப்பாதை மண்சரிவில் புதைந்த பிறகு, இரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அழகமுத்துவின் படகைத் தவிர வழியில்லை. துறை இல்லாததால், தொடையளவு சேற்றில் நடந்துதான் இப்போது அதில் ஏற வேண்டும்.

கரையில் கூடி நின்றவர்களுக்கு முன்னால் அழகமுத்துவின் மகள் தர்ஷிகா நின்றாள். ஒன்பது மாத வயிறு.

“அவளுக்கு இந்த மாசம்தான் சார் நாளு. போன வருசம் இவ அம்மா பாப்பம்மா இங்கனதான் உளுத்த பலகை ஒடஞ்சு விழுந்து செத்தா. இன்னொரு உசுரு போகக்கூடாது. தொறை அழிஞ்சிருச்சுன்னு எழுதிக்குங்க.”

“தெரியும், ஐயா,” என்றார் மதுரன் மெதுவாக.

அழகமுத்துவின் காதில் அது விழவில்லை. அவர் கண்கள் றினோஸின் மேல் இருந்தன. தச்சர் ஒரு கட்டையின் தலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“சார், இதக் கொஞ்சம் பாருங்க. வெள்ளம் இழுத்திருந்தா மரம் பிஞ்சு சிராய் சிராயா நிக்கும். இது வாள் போட்டு அறுத்தது.”

மதுரன் அழகமுத்துவின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இது அரசாங்கச் சொத்து. ஆர் அறுத்தது?”

“தெரியாதுங்க…”

“நாங்கதான்,” என்றாள் தர்ஷிகா.

“நீ பேசாம இரு புள்ள!”

“இருக்கட்டும்ப்பா.” அவள் சேற்றில் இரண்டடி இறங்கி வந்தாள். “புயலுக்கப்புறம் அழிஞ்சத எழுத ஆளுங்க வந்தாங்க சார். எங்க தொறையில பலகையெல்லாம் உளுத்திருந்தாலும் தூணு நின்னுச்சு. நிக்கிறத எழுத ஃபார்ம்ல எடமில்லன்னு போயிட்டாங்க. அம்மா செத்தப்ப போட்ட மனுவுக்கும் ஒரு வருசமா பதிலில்ல. அழிஞ்சாத்தான் புதுசா கட்டிக் குடுப்பாங்கன்னா அழிச்சிருவோம்னு ஊரே சேந்து அறுத்தோம். போன ஞாயித்துக்கெழம.”

அழகமுத்து கை கூப்பினார். “வாளப் புடிச்சது நான் மட்டுந்தான் சார். பொலிஸ்ல குடுக்கிறதுன்னா என்னையக் குடுங்க. ஆனா இவளுக்குப் புள்ள பொறக்கிற வரைக்கும் விட்டு வைங்க. வலி வந்தா படகுல கொண்டுபோக வேற ஆளில்ல.”

மதுரன் பையிலிருந்து ஒரு கோப்பினை எடுத்துத் திறந்தார். படிக்காமலே மூடினார்.

“நான் ஒருத்தரையும் பிடிச்சுக் குடுக்கமாட்டன். வெள்ளச் சேதம் எழுதவும் நான் வரேல்லை. அது வேற கந்தோர் ஆக்கள்ட வேலை.”

“அப்ப எதுக்கு சார் வந்தீங்க?”

“உங்கட மனுசி செத்தாப் பிறகு நீங்க போட்ட மனுவுக்குத்தான். பழைய தூண்கள்ல புதுப் பலகை அடிச்சுத் துறையைத் திருத்த அனுமதி கிடைச்சிட்டுது. இப்ப அதைச் செய்யேலாது. புதுசாக் கட்டுறதெண்டா முதல்ல இருந்து கோப்புத் தொடங்கோணும். வருசக்கணக்காகும்.”

தர்ஷிகா வயிற்றில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

“தூணு நின்னிருந்தா?” என்றார் அழகமுத்து.

மதுரன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நாளைக்கே வேலை தொடங்கியிருப்பம்.”