முன்பல் போனால் கிட்னி

மாசிலாமணியின் முன்பல் உடைந்த மறுநிமிடமே, "கிட்னியைக் கவனிக்கவும்" என்று உடல்நிலையைக் கண்காணிக்கும் குளியலறை ஸ்மார்ட் கண்ணாடி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பிவிட்டது. ஒவ்வொரு பல்லுக்கும் உடம்பில் ஓர் உறுப்பு என்று ஊரே நம்பும் காலம். உடைத்தது மனைவி குணவதி சுட்ட முறுக்கு என்று சொல்வதைவிட, கிட்னி நோயாளியாகவே இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் சகலை திருஞானம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "இத்தனை நாளா எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று கண் கலங்கினார்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க அத்தான்" என்று குணவதி முறுக்கை நீட்டினாள். மாசிலாமணி சகலையை எச்சரிக்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

திருஞானத்தின் வாயிலிருந்து கடக்கென்று சத்தம் கேட்டது.

"கடைவாய்ப் பல்லா? அப்போ கல்லீரலாச்சே அத்தான்" என்று குணவதி பதறினாள். "அக்காகிட்டகூட மறைச்சுட்டீங்களே."

மாசிலாமணி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துச் சகலையிடமே கொடுத்தார்.