எட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எட்டு

கதிர்வேல் சொன்ன வார்த்தைகள் இவைதானா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. "பழசு இருக்கட்டும்மா சித்தாரா. பக்கத்துலயே புதுசும் இருந்துட்டுப் போவட்டும். ரெண்டும் ஒத்துப்போவும் இல்ல?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தான். தறி இருந்த அறைக்கு வெளியே, கதவை ஒட்டி, அவன் மனைவி அம்சவேணி நின்றிருந்தாள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் சோறு போட்டாள். அந்தப் பெயரை மட்டும் வாய்க்குள் மென்றுகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அவன் சட்டைப்பையில் கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரி அட்டை ஒன்று கிடைத்தது. உறையில் கம்ப்யூட்டர் கடையின் பெயர் இருந்தது. அந்த அட்டையையும், சாக்குக்குச் சேலை டிசைன் போடும் தன் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தவள் சின்னப் பெண். அழகாகவும் இருந்தாள். அம்சவேணிக்கு அது இன்னும் எரிந்தது.

"நீதான் சித்தாராவா? என் வீட்டுக்காரர் கதிர்வேலு கூட உனக்கு என்னம்மா பேச்சு?"

"அய்ய, மெமரி வாங்கறதுக்குக்கா! சம்சாரத்தோட லேப்டாப்பு ஹேங் ஆவுதாம். எட்டு ஜிபி இருக்குது, கூட இன்னொரு எட்டு போட்டா ஒத்துப்போவுமான்னு மூணு வாட்டி கேட்டாரு."

அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானை டிசைனைத் திறந்தாலே அவள் லேப்டாப் நின்றுவிடும். சொல்லாமலே கவனித்திருக்கிறான்.

"அவரு அப்படித்தாம்மா. தறியில ஓடற நாடா ஒண்ணு வாங்கணும்னா கூட தறியாண்ட வெச்சு அளவு பாத்துதான் வாங்குவாரு. இந்தா, நீயே மாட்டிக் குடு."

சித்தாரா பின்மூடியைக் கழற்றினாள். அட்டையை வைத்தாள், எடுத்தாள், திருப்பி வைத்துப் பார்த்தாள். 

"உக்காரலக்கா. இந்த அட்டை டிடிஆர் ஃபோர் வகை, உங்க லேப்டாப்புக்குப் பழைய த்ரீ வகைதான் சேரும். அட்டையில வெட்டு இருக்கற இடமே வேற."

"தப்பா குடுத்துட்டியா?"

"இல்லக்கா. அவரு லேப்டாப்பையே எடுத்துக்கினு வந்தாரு. கழட்டிப் பாத்துதான் குடுத்தேன், வீட்டாண்ட நானே மாட்டிக்கறேன்னாரு." அவள் தலை நிமிராமல் மூடியை முடுக்கினாள். "அவரு எடுத்தாந்த லேப்டாப்பு இது இல்லக்கா."

அம்சவேணி இப்போது மாகறலில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கதிர்வேல் ஓரிக்கையில், அந்த இன்னொருத்தியின் லேப்டாப் இருக்கும் வீட்டில் இருக்கிறான்.