உறைக்குள் ஒரு கட்டைவிரல்

ஆதர்ச எழுத்தாளரின் புது நாவல் வருகிறதென்று அறவாழி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். அட்டைப்படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, "இனி எனக்குத் தூக்கமில்லை" என்று எழுதினார். லைக் போட்ட ஜென்மங்களில் ஒன்றாவது புத்தகத்தைப் பிரித்துப் பார்க்குமா என்று அவருக்கு இளக்காரம். கூரியர் வந்ததும் நாவலைப் பிளாஸ்டிக் உறையோடு முகர்ந்து பார்த்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி வசுமதி எட்டிப் பார்த்தாள். "இதுலயும் கடைசியில கதாநாயகியைக் கொன்னுடுவாரா?"

"சீரியல் பாக்கிற உனக்கு இவரைப் பத்தி என்னடி தெரியும்? போய்க் குழம்பைக் கிண்டு."

அவள் போய்விட்டாள். போன நாவலில் யார் செத்தது என்று யோசித்தார். பிடிபடவில்லை. அலமாரியைத் திறந்தார். அந்த எழுத்தாளரின் நாவல்கள் எல்லாம் வாங்கின அன்றைக்குப் போட்டிருந்த உறையோடு பளபளவென்று நின்றன. போன நாவலை உருவினார். உறையின் அடிப்பக்கத்தைக் காய் நறுக்கும் கத்தியால் யாரோ நேராகக் கீறியிருந்தார்கள். புத்தகத்தை வெளியே இழுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், கதாநாயகி சாகிற இடத்தில், மஞ்சள்தூள் அப்பிய கட்டைவிரல் ரேகை.

"என்னங்க," அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "புதுசையும் அங்கேயே வச்சிடுங்க. உறையை நான் பிரிச்சுக்கிறேன்."