அவர் மாதிரி

வாசகர் ஆய்வுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு யாரும் இப்போது அலைவதில்லை. ஊர் நூலகத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் கணினிக்குள் அவரைப் போலவே யோசிக்கும் ஒரு மாதிரி உண்டு. கேட்டதற்கெல்லாம் அதுவே பதில் சொல்லிவிடும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் ஆளைப் போல அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

'அடுத்த மாதம் எந்தப் புத்தகம் தேவைப்படும்?' என்பதற்கு வந்த பதில்களைப் பிரித்துக்கொண்டிருந்த நூலகப் பணியாளர் செண்பகவடிவு ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அந்த எண்ணுக்குரியவர், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் புத்தகங்களைத் தவிர வேறெதையும் தொடாத வாசகர். ஊரில் அப்படி ஒரே ஆள்தான், அவள் கணவன் இசக்கிராஜ்.

அவனுடைய மாதிரி கேட்டிருந்தது: 'பெண் குழந்தைக்குச் சடை பின்னுவது எப்படி?'

மகளுக்குத் தினமும் பின்னிவிடுவது வடிவுதான்.

பக்கத்து மேசை அருள்செல்வி எட்டிப் பார்த்தாள். "பயப்படாதீங்கக்கா. இது உங்க வீட்டுக்காரரா என்ன? அவர் மாதிரி, அவ்வளவுதானே."

வடிவு நாற்காலியை விட்டு எழுந்தாள். போன வாரம் அவளுடைய ஸ்கேன் முடிவை வாங்கி வந்தவன் அவன்தான். "ஒண்ணுமில்ல, வெறும் வாயுதானாம்" என்று சிரித்திருந்தான்.

வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் மகளை முன்னால் உட்காரவைத்து, சீப்பைப் பல்லில் கடித்தபடி இசக்கிராஜ் பின்னிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, புதுசா?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிடலாம்னுதான்."

"ஸ்கேன்ல என்ன போட்டிருந்துச்சு?"

காயில் கட்டும்போது ஒரு சுற்றுகூடத் தப்பாத கை அது. சடையின் மூன்று பிரியும் அதிலிருந்து நழுவி அவிழ்ந்தன.